பார்வை நேரம் நோயாளிக்கு உரியது

மருத்துவமனை வாயிலில் மாட்டியிருக்கும் பார்வை நேரப் பலகையை நாம் கேள்வி கேட்பதில்லை. மாலையில் இரண்டு மணி நேரம், நோயாளி ஒருவருக்கு ஒருவர் மட்டும், சிறுவர்களுக்கு அனுமதி இல்லை என்று எழுதியிருந்தால், அதற்குப் பின்னால் மருத்துவக் காரணம் ஏதாவது இருக்கும் என்று நம்பி, காவலாளியிடம் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போகிறோம். நேரம் முடிந்தது என்று சொன்னதும் வெளியே வந்துவிடுகிறோம். அந்த நேரம் யாருக்குச் சொந்தமானது என்ற கேள்வி, நமக்கு நெருங்கிய ஒருவர் உள்ளேயும் நாம் வெளியேயும் நிற்க நேரும்போதுதான் எழுகிறது. நிறுவனம் நமக்குத் தரும் சலுகை என்று சிலர் நினைக்கிறார்கள்; உறவினர் என்ற முறையில் தமக்கு இருக்கும் உரிமை என்று வேறு சிலர் வாதாடுகிறார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. யார் வரலாம், யார் வரக் கூடாது, எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதைச் சொல்லும் உரிமை முதலில் கட்டிலில் படுத்திருப்பவருடையது. மற்றவர்களின் விருப்பங்களும் வசதிகளும் அதற்குப் பிறகே வர வேண்டும்.

இது வெளிப்படையான உண்மையாகத் தோன்றலாம். ஆனால் மருத்துவ உலகம் இதை ஏற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று என்பதற்குக் குழந்தைகள் வார்டுகளின் வரலாறே சான்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் பெற்றோர் தம் குழந்தையை வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் சிறிது நேரம்தான் பார்க்க முடிந்தது. பெற்றோர் தொற்றைக் கொண்டுவருவார்கள் என்பது ஒரு காரணம்; அவர்கள் வந்துவிட்டுப் போனால் குழந்தை அழுது ஆர்ப்பாட்டம் செய்கிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பது மற்றொரு காரணம். இரண்டாவது காரணத்தை அக்கறையோடும் நல்லெண்ணத்தோடும்தான் சொன்னார்கள். லண்டனின் டாவிஸ்டாக் மனநலச் சிகிச்சை மையத்தில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், அந்த அமைதி உண்மையில் என்ன என்பதை அருகிலிருந்து கவனித்தார். பெற்றோரைப் பிரிந்த சிறு குழந்தை முதலில் அழுது எதிர்க்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. கடைசியில் தாய் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு விலகிப்போகிறது. செவிலியர்கள் “பழகிவிட்டது” என்று ஆறுதல் கொண்டது அந்த ஒடுங்கலையும் விலகலையும் பார்த்துத்தான். எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த ஓர் இரண்டு வயதுக் குழந்தையை அவர் படம்பிடித்து 1952இல் மருத்துவர்களுக்குத் திரையிட்டபோது, பலர் கோபமடைந்தார்கள். தங்கள் வார்டில் இப்படி நடப்பதில்லை என்றார்கள். ஆயினும் 1959இல் அறுவை மருத்துவர் ஹாரி பிளாட் தலைமையிலான அரசுக் குழு, குழந்தைகளைப் பெற்றோர் எந்த நேரத்திலும் பார்க்கலாம் என்றும், மிகச் சிறிய குழந்தைகளோடு தாயும் தங்க இடமளிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருந்து வார்டுக்கு வந்து சேரப் பெற்றோர் அமைப்புகள் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது நியூசிலாந்தில் நடந்தது. செசிலி பிக்கெரில், ஹென்றி பிக்கெரில் என்ற அறுவை மருத்துவத் தம்பதியர், பிளவுபட்ட உதடும் அண்ணமும் கொண்ட கைக்குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து வந்தார்கள். வார்டில் ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குத் தொற்று பரவி, தைத்த இடம் பிரிந்துபோவது அவர்களுக்குப் பெரும் சிக்கலாக இருந்தது. அவர்கள் 1940களில் தங்கள் மருத்துவமனையில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனி அறை கொடுத்து, தாயையே அந்த அறையில் தங்கவைத்து, குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பையும் தாயிடம் ஒப்படைத்தார்கள். பல குழந்தைகளைத் தொட்டுத் தூக்கும் பணியாளரின் கைகளைவிட, ஒரே குழந்தையைத் தொடும் தாயின் கைகளே பாதுகாப்பானவை என்பது அவர்கள் வாதம். தாயின் உடலில் உள்ள கிருமிகள் குழந்தைக்கு ஏற்கெனவே பழக்கமானவை. வார்டுக்குள் தொற்று பரவுவதை இவ்வாறு தடுத்த அனுபவத்தை அவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். பெற்றோரை வெளியே நிறுத்துவதற்கு எந்தக் காரணம் சொல்லப்பட்டதோ, அதே காரணத்துக்காக அவர்கள் பெற்றோரை உள்ளே அழைத்தார்கள். தொற்று என்ற சொல்லைக் கேட்டவுடன் வாயை மூடிக்கொள்ளாமல், யாரால், எந்த வழியில், எந்த அளவுக்கு என்று கேட்பது மரியாதைக் குறைவு அல்ல என்பதை இதிலிருந்து நான் புரிந்துகொண்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. அங்கே இருப்பவரின் உயிர் ஊசலாடுகிறது, சுற்றிலும் கருவிகள், பணியாளர்களுக்கு ஒரு நிமிடமும் ஓய்வில்லை. அங்கே உறவினர் அதிக நேரம் இருந்தால் கேடு விளையும் என்று தோன்றுவது இயல்பு. இத்தாலியில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவு, பார்வை நேரத்தைக் கட்டுப்படுத்தியும் தளர்த்தியும் மாறி மாறி ஒப்பிட்டுப் பார்த்து, முடிவுகளை 2006இல் வெளியிட்டது. தளர்த்திய காலத்தில் அறையின் பரப்புகளில் கிருமிகள் கூடுதலாகக் காணப்பட்டன. ஆனால் நோயாளிகளுக்குத் தொற்றுச் சிக்கல்கள் கூடவில்லை, இதயமும் ரத்த ஓட்டமும் சார்ந்த சிக்கல்கள் குறைவாகவே இருந்தன. பிரேசிலில் 36 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இன்னும் பெரிய அளவில் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரம் வரை உறவினர் உடனிருக்கலாம் என்று விட்டுப் பார்த்தார்கள். இதனால் நோயாளிகளுக்கு ஏற்படும் மனக்குழப்ப நிலை குறையும் என்று எதிர்பார்த்தார்கள். குறிப்பிடத்தக்க அளவுக்குக் குறையவில்லை. தொற்றும் கூடவில்லை, பணியாளர்களின் சோர்வும் கூடவில்லை. குடும்பத்தாரின் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. இந்த முடிவை நான் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். உறவினர் அருகில் இருந்தால் நோய் குணமாகிவிடும் என்று மிகைப்படுத்துவது நம் கோரிக்கையைப் பலவீனப்படுத்தும். உடனிருப்பது மருந்து என்று நிரூபிக்க வேண்டிய தேவையே நமக்கு இல்லை. தான் நேசிப்பவரோடு இருக்க விரும்பும் ஒருவரைப் பிரித்து வைப்பதற்குத்தான் நிரூபணம் வேண்டும்.

இதைச் சொன்ன கையோடு, உடனிருப்பவர் செய்யும் வேலையை யாரும் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். என் பெரியம்மா தம் கடைசிக் காலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். ஒருமுறை அங்கே போனபோது, அவர் யாரோடும் பேசுவதில்லை, சொல்வதைப் புரிந்துகொள்வதும் இல்லை, நினைவு வேகமாக மங்கிவருகிறது என்று சொன்னார்கள். அவருடைய கோப்பிலும் அப்படியே எழுதியிருந்தார்கள். மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தால், அவருடைய காது கேட்கும் கருவி மின்கலம் தீர்ந்து கிடந்தது. மின்கலத்தை மாற்றிக் காதில் பொருத்தியதும், ஏன் இத்தனை நாள் எல்லோரும் முணுமுணுத்தே பேசுகிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பணியாளர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, வன்மம் இல்லை. ஒருவரே பல முதியவர்களைக் கவனிக்கும் இடத்தில், இழுப்பறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நேரமோ நினைவோ எப்படி இருக்கும்? அதைப் பார்க்கும் கண்தான் வெளியிலிருந்து வருபவருடையது. வழக்கமாக அவர் எப்படி இருப்பார் என்பதை அறிந்தவர்தான் இன்று அவர் வழக்கம்போல் இல்லை என்பதையும் அறிவார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, வலித்தால் வாய்விட்டுச் சொல்வாரா அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பாரா, இடுப்பின் எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் தூக்கம் வரும் என்பவை எந்தக் கோப்பிலும் இல்லாத தகவல்கள். படுக்கைப் புண்ணையும், பல்செட் காணாமல் போனதையும், தட்டு தொடப்படாமல் திரும்பிப் போவதையும் முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் பார்க்க வந்தவரே.

பிரிட்டனில் மறதிநோயாளிகளின் உறவினர் உடனிருக்கும் உரிமைக்காக 2014இல் தொடங்கிய ஜான் இயக்கம் இந்த உண்மையிலிருந்து பிறந்ததுதான். எழுத்தாளர் நிக்கி ஜெரார்டின் தந்தை ஜான் ஜெரார்ட், மறதிநோய் இருந்தும் வீட்டில் ஓரளவு தம் வேலைகளைத் தாமே செய்துகொண்டிருந்தவர். காலில் இருந்த புண்ணுக்காக மருத்துவமனையில் சேர்ந்து ஐந்து வாரங்கள் இருந்தார். அப்போது குடும்பத்தாரின் வருகை பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. வெளியே வந்தபோது அவரால் தனியே நடக்கவும் இயலவில்லை, தம்மைச் சுற்றி நடப்பதைப் புரிந்துகொள்ளவும் இயலவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அவர் இறந்தார். அவருடைய மகளும் தோழி ஜூலியா ஜோன்சும் கேட்டது, மறதிநோய் உள்ளவரோடு உடனிருக்கும் பராமரிப்பாளரைப் பார்வையாளர் என்ற வகையிலேயே சேர்க்காதீர்கள் என்பதுதான். பூங்கொத்தோடு வந்து பத்து நிமிடம் நலம் விசாரித்துவிட்டுப் போகும் நண்பருக்கும், அன்றாடம் வாய்க்குள் கவளத்தை வைத்து விழுங்கவைக்கும் மகளுக்கும் ஒரே விதியை எழுதுவது எவ்வளவு தவறு என்பது, 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதற்கும் தெரிந்துபோயிற்று.

அந்த ஆண்டை நினைவுகூராமல் இதை எழுத முடியாது. அமெரிக்காவில் 2020 மார்ச் 13 அன்று, வாழ்வின் இறுதிக் கட்டம் போன்ற சூழல்கள் தவிர மற்ற எல்லாச் சந்திப்புகளையும் நிறுத்துமாறு முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு அரசு வழிகாட்டியது. அடுத்த வாரமே நெதர்லாந்தும் தன் இல்லங்களின் கதவுகளை மூடியது. கொரோனா நோயைப் பற்றி எதுவும் தெரியாத அந்த முதல் வாரங்களில் கதவை மூடியதை நான் குறைகூற மாட்டேன். மாதங்கள் கடந்த பிறகும், பணியாளர்கள் தினமும் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தபோதும், அதே முகக்கவசமும் அதே பரிசோதனையும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்த மகனும் மகளும் மனைவியும் கணவனும் மட்டும் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்களே, அதற்குத்தான் என்னால் சமாதானம் கொள்ள முடியவில்லை. வேறு வழி இருந்தது. நெதர்லாந்து 2020 மே 11 முதல் 26 இல்லங்களில் கட்டுப்பாடுகளுடன் ஆளுக்கு ஒரு பார்வையாளரை அனுமதித்து, என்ன நடக்கிறது என்று ஆராய்ந்து, அதன் பிறகு மற்ற இல்லங்களுக்கும் விரிவாக்கியது. அமெரிக்காவில் எல்லா நேரத்திலும் எல்லோருக்கும் சந்திப்பு அனுமதிக்கப்பட வேண்டும் என்ற வழிகாட்டுதல் 2021 நவம்பரில்தான் வந்தது. பராமரிப்பு இல்லத்தில் வசிக்கும் முதியவருக்கு மீந்திருக்கும் காலத்தில் இருபது மாதங்கள் என்பது எவ்வளவு பெரிய பங்கு என்பதை விதி எழுதியவர்கள் எண்ணிப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

இங்கே மருத்துவமனைக்கும் பராமரிப்பு இல்லத்துக்கும் உள்ள வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் இருப்பவர் சில நாட்களில் வீடு திரும்புவார். இல்லத்தில் இருப்பவருக்கு அதுவே வீடு. தம் வீட்டுக்கு யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமையை, உடல் தளர்ந்துவிட்டது என்பதற்காக ஒருவர் இழந்துவிடுவதில்லை. அமெரிக்காவின் 1987ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் இதை அன்றே ஒப்புக்கொண்டது: முதியவர் சம்மதித்தால் உறவினருக்கு உடனடி அனுமதி உண்டு, அந்தச் சம்மதத்தை அவர் எந்த நேரத்திலும் விலக்கிக்கொள்ளலாம். அப்படி ஒரு சட்டம் இருந்தும் பெருந்தொற்றின்போது அது நிற்கவில்லை என்பதால், பல இடங்களில் புதிய சட்டங்கள் வந்தன. டெக்சாஸ் மக்கள் 2021 நவம்பரில் வாக்களித்து, இல்லத்தில் வசிப்பவர் தமக்கு இன்றியமையாத ஒரு பராமரிப்பாளரை நியமித்துக்கொள்ளும் உரிமையை மாநில அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். புளோரிடா 2022இல் அதையொட்டிய சட்டத்தை இயற்றியது. இங்கிலாந்தில் 2024 ஏப்ரல் முதல், பராமரிப்பு இல்லங்களும் மருத்துவமனைகளும் இறுதிக்காலப் பராமரிப்பு மையங்களும் விதிவிலக்கான சூழல் தவிர மற்ற நேரங்களில் பார்வையாளரை அனுமதிப்பது கட்டாயத் தரநிலை ஆயிற்று. அதே மாதம் பிரான்சு இயற்றிய சட்டம் எனக்கு மிகவும் பிடித்தது: அங்கே தங்கியிருப்பவர் தாம் விரும்பும் எவரையும் ஒவ்வொரு நாளும், முன்கூட்டி அறிவிக்காமலே, சந்திக்கலாம், வாழ்வின் இறுதியில் இருப்பவருக்கு அன்றாடச் சந்திப்பை மறுக்கவே முடியாது.

தாம் விரும்பும் எவரையும் என்ற அந்தச் சொற்களைக் கவனிக்க வேண்டும். குடும்பம் என்றால் ரத்த உறவு மட்டுமே என்று வாயிற்காவலர் முடிவு செய்யும் இடங்கள் இன்றும் உண்டு. 2007இல் மயாமியில் விடுமுறைப் பயணத்துக்கு வந்திருந்த ஒரு பெண் திடீரென மூளை ரத்தக்குழாய் வெடிப்பால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரோடு ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த இணையரான பெண்ணும், அவர்கள் வளர்த்த குழந்தைகளும் பல மணி நேரம் வெளியிலேயே காத்திருந்தார்கள், அவர் இறந்துபோனார். இந்த நிகழ்ச்சி பரவலாகப் பேசப்பட்ட பின்னணியில், அதிபர் பராக் ஒபாமா 2010 ஏப்ரல் 15 அன்று பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து, 2011 ஜனவரியில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் பங்குபெறும் மருத்துவமனைகள் பார்வையாளர் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். கட்டுப்பாடு இருந்தால் அதற்கான மருத்துவக் காரணத்தையும் எழுத வேண்டும். துணைவரோ, இணையரோ, நண்பரோ, நோயாளி யாரைச் சொல்கிறாரோ அவரை அனுமதிக்க வேண்டும். இனம், சமயம், பாலினம், பாலின ஈர்ப்பு, உடற்குறை ஆகியவற்றைக் காட்டி மறுக்கக் கூடாது.

நோயாளியின் உரிமை என்று சொல்லும்போது, மறுக்கும் உரிமையும் அதில் அடங்கும். இதை நம்மில் பலர் ஏற்கத் தயங்குகிறோம். உறவினர் கூட்டமாக வந்து கட்டிலைச் சுற்றி நிற்பதையே அன்பு என்று நினைக்கிறோம். தலைமுடி உதிர்ந்து, உடம்பில் குழாய்களோடு இருக்கும் நிலையில் யாரும் தம்மைப் பார்க்க வேண்டாம் என்று ஒருவர் நினைக்கலாம். தம்மை அடித்த கணவனோ, சொத்துப் பத்திரத்தோடு வரும் மகனோ உள்ளே வரக் கூடாது என்று நினைக்கலாம். அந்த விருப்பத்தைச் செவிலியரிடம் தனியாகச் சொல்ல வழி இருக்க வேண்டும். சொன்னவர் யார் என்பதை வெளியே நிற்பவரிடம் சொல்லாமல் காக்கவும் வேண்டும். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, மனநல நிறுவனத்தில் இருப்பவர் பார்வையாளரை ஏற்கவும் மறுக்கவும், தொலைபேசியில் பேசவும் பேச மறுக்கவும் உரிமை உடையவர் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. சிகிச்சை என்ற பெயரில் வெளியுலகத் தொடர்பே அறுக்கப்படும் அச்சம் மிகுந்த இடத்தில் இந்த உரிமை எழுதப்பட்டிருப்பது பெரிய பொருள் உடையது.

எந்த உரிமைக்கும் எல்லை உண்டு. பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குத் தூக்கம் வேண்டும். செவிலியரை ஏசுபவரையும் அடிக்கக் கை ஓங்குபவரையும் வெளியேற்றத்தான் வேண்டும். இரவுப் பணியில் தனியாக நிற்கும் ஒரு செவிலியரின் பாதுகாப்பை அலட்சியப்படுத்திவிட்டு நோயாளியின் உரிமை பேசுவதில் நியாயமில்லை. தொற்று பரவும் காலத்தில் கட்டுப்பாடு தேவை. ஆனால் கட்டுப்பாடு குறிப்பிட்ட காரணத்துக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்தக் காரணம் கோரும் அளவுக்கு மட்டுமே இருக்க வேண்டும். ஒருவர் தகராறு செய்தால் அவரை நிறுத்தலாம். அதற்காக வார்டு முழுவதற்கும் நேரத்தைக் குறைப்பது தண்டனை. பராமரிப்பில் குறை சொன்ன மகளின் வருகையைத் திடீரென்று தடுப்பது அதைவிட மோசமானது, சில இடங்களில் அதுவும் நடக்கிறது. காணொளி அழைப்பு கூடுதலாக இருக்கட்டும். மறதிநோய் முற்றியவருக்குத் திரையில் தெரியும் முகம் யாருடையது என்றே புரியாமல் போகலாம், ஆனால் கையைப் பற்றும் கை புரியும்.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சேர்க்கும் அன்றே பார்வையாளர் கொள்கையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாயிற்காவலர் சொல்வதற்கும் எழுதியிருப்பதற்கும் பல வேளைகளில் தொடர்பே இருக்காது. நோயாளி தெளிவாக இருக்கும்போதே, தாம் யாரை அருகில் வைத்துக்கொள்ள விரும்புகிறார், யாரை விரும்பவில்லை என்பதைத் தம் கையெழுத்தோடு எழுதிக் கோப்பில் சேர்க்கச் சொல்ல வேண்டும். நினைவு தப்பிய பிறகு உறவினர்களுக்குள் எழும் சண்டையைத் தீர்க்க அந்த ஒரு தாள் போதும். அனுமதி மறுக்கப்பட்டால், கத்துவதைவிட, இந்த முடிவை எடுத்தவர் யார், என்ன காரணம், எது வரை என்று மூன்றையும் கேட்டு, பதிலைத் தேதியோடு குறித்துக்கொண்டு, வார்டுப் பொறுப்பாளரிடமும் பிறகு நிர்வாகத்திடமும் எழுத்தில் முறையிட வேண்டும். நிலைமை மோசமாக இருந்தால், இது இறுதிக் கட்டமா என்று மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்த கணத்திலிருந்து, கட்டுப்பாடுகள் பலவும் தளர்த்தத் தக்கவை ஆகிவிடுகின்றன. கேட்கத் தயங்கியதால் அந்த நேரத்தை இழந்த குடும்பங்கள் நிறைய.

பார்க்க யாரும் வராதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இந்த உரிமை பயன்படாது என்று நினைப்பது தவறு. பல நாடுகளில் முதியோர் இல்லங்களுக்குச் சென்று, வசிப்பவர்களின் குறைகளைக் கேட்டு, அவர்கள் சார்பில் பேசும் குறைதீர்ப்பாளர்கள் இருக்கிறார்கள்; பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் வாரந்தோறும் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகும் திட்டங்களும் உள்ளன. இல்ல நிர்வாகம் அவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டியது கருணையால் அல்ல, அங்கே வசிப்பவரின் உரிமையால். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஓர் இல்லத்தில் இருந்தால், அவரைப் பார்க்கப் போகும் அன்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமும் பேசலாமா என்று அவரிடமே கேளுங்கள். அவர் சம்மதித்தால் உட்காருங்கள்.